மூளையும் முஷ்டியும்

துப்பறியும் கதை என்று சொன்ன மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். அது பொழுதைக் கொல்லும் பொருள் என்பதும், இளைஞர் மனத்தைக் கெடுக்கும் சரக்கு என்பதும், இலக்கியப் பந்தியில் அதற்கு இலை போடலாகாது என்பதும் அன்னாரது தீர்ப்பு. அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. மனிதன் தன் கண்ணாலும் காதாலும் கண்டறிந்த சிறு சிறு உண்மைகளைக் கோத்துப் பெரியதோர் உண்மையை எட்ட முடியும் என்னும் நம்பிக்கையைப் பாமரர்க்கும் இனிமையாக ஊட்டிய இலக்கிய வகை வேறு யாது? சாமியாடி சொன்னான், சோதிடன் சொன்னான், பெரிய மனிதர் சொன்னார் என்று ஒருவன்மேற் பழி சுமத்தும் வழக்கத்துக்கு நேர் எதிராக, ‘சான்று எங்கே?’ என்று கேட்கும் பழக்கத்தை வளர்த்தவை அக்கதைகள். அவற்றுக்குத் திரையில் இன்று நேர்ந்துவரும் கதியைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

நாம் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ரப்பரும் செம்பனையும் கலந்து நிற்கும் தோட்டம் அது. வயது முப்பதைக் கடந்தாயிற்று. ஆங்கில வழியிற் பாடஞ்சொல்லும் தனியார் பள்ளியொன்றிற் படிக்க நேர்ந்தமையால், ஆர்தர் கானன் டாயிலும் அகதா கிறிஸ்டியும் பள்ளி நூலகத்திலேயே நமக்கு அறிமுகமாயினர். தமிழ்த் துப்பறியும் கதைகளைப் பின்னர் நாமே தேடிப் படித்துக்கொண்டோம். காலையில் பெரட்டு எடுப்பது முதல் மாலையில் நிறுவைச் சீட்டுகளைக் கணக்கிற் பதிவது வரை கிராணியின் வேலை முழுதும் சிறு சிறு எண்களோடு பழகும் வேலை. எந்த எண் எந்த எண்ணோடு பொருந்தவில்லை என்று பார்ப்பதே இத்தொழிலின் சாரம். ஆதலின், ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் கற்பனை மனிதர் நமக்கு ஒருநாளும் அயலாராகத் தோன்றியதில்லை.

கானன் டாயில் 1887 முதல் 1927 வரை ஹோம்ஸைப் பற்றி எழுதியவை 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் ஆகும். அவற்றுள் நாம் பலமுறை படித்தது 1892 சனவரியில் ‘ஸ்டிராண்ட்’ இதழில் வெளிவந்த நீல மாணிக்கத்தின் கதை. லண்டன் நகரத்து ஓட்டலொன்றிற் சீமாட்டி ஒருத்தியின் விலையுயர்ந்த மணி காணாமற் போகிறது. அவளுடைய அறையில் அடுப்புக் கம்பியைப் பற்றவைக்க வந்த குழாய்த் தொழிலாளி ஹார்னர் என்பவனைப் போலீசார் பிடித்துச் செல்கின்றனர். அவன்மேல் ஐயம் எழுந்ததற்குப் பெருங்காரணம் யாதெனில், முன்பொரு முறை திருட்டுக் குற்றத்துக்காக அவன் தண்டனை பெற்றிருந்தான் என்பதே. அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்பவனோ அதே ஓட்டலின் மேல்நிலைப் பணியாளன். ஹோம்ஸுக்குக் கிடைப்பவை ஒரு பழைய தொப்பியும், ஒரு கிறிஸ்துமஸ் வாத்தும் மட்டுமே. வாத்தின் இரைப்பையிற் கிடந்த மணியைக் கொண்டு, அந்த வாத்து யார் விற்றது, அவருக்கு யார் விற்றது என்று படிப்படியாகச் சென்று, சாட்சி சொன்னவனே திருடன் என்று கண்டறிகிறார். கதை முழுதிலும் அவர் ஒருவர்மீதும் கை ஓங்கவில்லை. ஏழைத் தொழிலாளி ஒருவன் சிறையினின்று மீள்வதற்கு வேண்டியிருந்தது பொறுமையுள்ள ஒரு மூளையே.

ஹோம்ஸ் உடல்வலிமை அற்றவர் என்று நாம் சொல்லவரவில்லை. குத்துச்சண்டையும் கழிவிளையாட்டும் அவருக்கு நன்கு தெரியும் என்று டாயிலே எழுதியிருக்கிறார். 1903-ஆம் ஆண்டுக் கதையொன்றில் ஜப்பானிய மற்போர் வகை ஒன்றும் அவருக்குத் தெரியுமென்று சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்த வலிமையை ஆசிரியர் எவ்விடத்தில் எவ்வளவு காட்டுகிறார் என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். 1892-ஆம் ஆண்டின் புள்ளிப்பட்டைக் கதையில் ராய்லட் என்னும் முரடன் ஹோம்ஸின் அறைக்குள் புகுந்து, கணப்பு கிளறும் இரும்புக் கம்பியைக் கையால் வளைத்து எறிந்து பயமுறுத்திவிட்டுப் போகிறான். அவன் போன பின்னரே ஹோம்ஸ் அக்கம்பியை எடுத்துத் தம் கையால் நிமிர்த்திவைக்கிறார். எதிரியின் எலும்பு அங்கு முறியவில்லை. மேலும், ஹோம்ஸ் வரலாற்றிலேயே பெரிய போராட்டமாகிய ரைக்கன்பாக் அருவிச் சண்டையை 1893-ஆம் ஆண்டுக் கதையிற் படிப்பவர் எவரும் கண்ணாற் காண்பதில்லை. வாட்ஸன் அவ்விடத்தை அடையும்போது காண்பன ஈரமண்ணிற் காலடித் தடங்களும், சாய்த்து வைத்த ஊன்றுகோலும், ஒரு கடிதமுமே. போராட்டத்தையும் தடயங்களைக் கொண்டே வாசகர் அறியவேண்டும் என்று ஆசிரியர் வைத்தார்!

அகதா கிறிஸ்டியின் வழியும் அதுவே. 1934-ல் வெளிவந்த அவரது ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலிற் செத்தவன் உடலில் 12 கத்திக்குத்துகள் இருக்கின்றன. கொடுமையில் யாதும் குறைவில்லை. எனினும், பனியிற் சிக்கி நின்றுபோன அந்த ரயிலில் ஹெர்க்யூல் பொய்ரோ செய்வதெல்லாம் உணவுப் பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்துக் கேள்வி கேட்பதும், விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுமே. ஆகவே பழைய துப்பறியும் கதையின் அமைப்பை ஒரே வாக்கியத்திற் சொல்வதாயின், அடி முடிந்த இடத்தில் அறிவு தொடங்குகிறது எனலாம். முதற்பக்கத்திலேயே வன்முறை தன் வேலையை முடித்துவிட்டது. மற்றப் பக்கங்களெல்லாம் அதற்கு மனித அறிவு கூறும் மறுமொழி.

தமிழிலும் இக்கலை நெடுங்காலம் செழித்திருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங் என்னும் துப்பறிவோனை உலவவிட்டார், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனை அறியாத வாசகர் அக்காலத்திற் குறைவு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களோ கைக்குக் கை மாறிக் கிழியும் வரை படிக்கப்பட்டன. அவருடைய ‘மேனகா’ 1935-ல் பேசும்படமாயிற்று. அவருடைய ‘திகம்பர சாமியார்’ 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவர்களால் திரைக்கு வந்தது. பிற்காலத்தில் வில்லன் வேடத்துக்கே உரியவராகிவிட்ட எம். என். நம்பியார் அதிற் பல மாறுவேடங்கள் பூணும் துப்பறிவோனாக நடித்தார். அம்மாறுவேடங்களே அப்படத்தின் உயிர். நான்கு ஆண்டு கழித்து, 1954-ல், எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்தது. நாவலொன்றின் தழுவல் அன்றாயினும், துப்பறியும் படத்துக்குத் தமிழில் இலக்கணம் வகுத்தது அதுவே. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. படம் தொடங்கியவுடன் துப்பாக்கி வெடித்து நாயகன் மடிகிறான். பின்னர் முழுதும் விசாரணையே. ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்ல, அவற்றினூடே உண்மை மெல்ல மெல்ல முகங்காட்டுகிறது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தைக் கண்ட நம் முதியவர்கள் சிலர், யார் சொன்னது பொய், எவ்விடத்தில் வாய் தவறியது என்று மறுநாள் மரத்தடியிற் பால் வெட்டிக்கொண்டே வாதிட்டதை இன்றும் நினைவுகூர்வர். படம் முடிந்தபின் பேசுவதற்கு அவர்களிடம் பொருள் இருந்தது.

இது நிற்க. இன்றைய படங்களுக்கு வருவோம். 2009-ல் கை ரிட்சி இயக்கி, ராபர்ட் டௌனி ஹோம்ஸாக நடித்த ஆங்கிலப் படம் உலகெங்கும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் ஹோம்ஸ் குத்துச்சண்டைக் கூடத்தில் நிற்கும் காட்சியொன்று உண்டு. எதிரியை அடிப்பதற்கு முன், எந்த இடத்தில் எந்த அடி விழவேண்டும், எந்த எலும்பு முறியும், தேறி எழ எத்தனை வாரம் செல்லும் என்றெல்லாம் மனத்துக்குள் கணக்கிடுகிறார். அக்கணக்கு நிதானமாக நமக்குக் காட்டப்படுகிறது. பிறகு அதே அடிகள் மின்னல் வேகத்தில் விழுகின்றன. திறமையான காட்சி என்பதில் ஐயமில்லை. நாமும் இமைகொட்டாமற் பார்த்தோம். ஆயின், தொப்பி ஒன்றைக் கையில் வாங்கி அதை அணிந்தவனின் வறுமையையும் மனவருத்தத்தையும் கண்டறிந்த அதே நுண்ணறிவு, இங்கே விலாவெலும்பை எண்ணுவதற்குப் பயன்படுகிறது. 2011-ல் வந்த அடுத்த படத்தில் பீரங்கி முழக்கமும், காட்டினூடே ஓட்டமும், ஹோம்ஸையே இறைச்சிக் கொக்கியில் மாட்டும் கொடுமையும் சேர்ந்துகொண்டன.

பொய்ரோவும் தப்பவில்லை. 2017-ல் கென்னத் பிரானா எடுத்த ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ படத்தில், உணவுப் பெட்டியில் உட்கார்ந்திருந்த அந்தக் குள்ள மனிதர் பாலத்துச் சட்டங்களினூடே ஒருவனைத் துரத்தி இறங்குகிறார். துப்பாக்கிக் குண்டும் படுகிறார். 1974-ல் சிட்னி லூமெட் அதே கதையைப் படமாக்கியபோது, பெட்டிக்குள் நடக்கும் பேச்சையே நம்பிப் பெரும்பகுதியை நடத்தினார்; அதையும் மக்கள் விரும்பியே பார்த்தனர் என்பதை மறத்தலாகாது.

தமிழுக்கு வந்தால், அதே 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் மிஷ்கின் இயக்கிய ‘துப்பறிவாளன்’ வெளிவந்தது. ஹோம்ஸை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த அதன் நாயகனுக்குச் சங்கப் புலவரின் திருப்பெயராகிய கணியன் பூங்குன்றன் என்பதே பெயர், நடித்தவர் விஷால். தன் நாயைக் கொன்றவர் யார் எனக் கண்டுபிடித்துத் தருமாறு ஒரு சிறுவன் வந்து கேட்பதில் அவரது விசாரணை தொடங்குகிறது. இதனினும் அழகிய தொடக்கம் துப்பறியும் படத்துக்கு வேறு கிடைக்குமா? உலகத்தார் கண்ணில் அற்பமாகிய ஓர் உயிருக்கும் நீதி உண்டு என்று அறிவிக்கும் தொடக்கம் அது. சுங்கைப்பட்டாணிக் கொட்டகையில் அக்காட்சியின்போது நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்படத்தில் மூளைக்கு வேலை உண்டு. அதனை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். எனினும், சீன உணவுவிடுதியில் ஆள் மேல் ஆளாக விழும் சண்டையும், சதுப்புநிலக் காட்டினுள் நிகழும் இறுதி மோதலுமே கொட்டகையிற் கைதட்டல் பெற்றன. உலகத்தார் யாவரும் உறவினர் என்று பாடிய புலவரின் பெயரைத் தாங்கியவர் எதிரிகளை வரிசையாக வீழ்த்திக்கொண்டிருந்தார். சிறுவனின் நாயைப் பற்றி வெளியே வருகையில் ஒருவரும் பேசக் கேட்கவில்லை.

நாம் குறைகூறுவது இரத்தத்தின் அளவை அன்று. வரிசை மாறிவிட்டதே நமது குறை. பழைய கதையில் அடி முதலில் வந்தது, அறிவு முடிவில் வந்தது. புதிய படத்தில் அறிவு முதலில் வருகிறது, அடி முடிவில் வருகிறது. குற்றவாளி இன்னார் என்று கண்டுபிடிப்பது, யாரை அடிக்கவேண்டும் என்று முகவரி தேடிக்கொடுக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. கடைசிச் சொல் யாருடையதோ, அவருடையதே கதையின் நீதி. அந்தக் கடைசிச் சொல்லை இப்பொழுது முஷ்டி சொல்கிறது.

இம்மாற்றத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பேச்சை மொழிபெயர்க்கவேண்டும், அடியை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நூறு நாட்டிற் படத்தை விற்க விரும்பும் முதலாளி, வாத்து விற்றவனோடு ஹோம்ஸ் நடத்தும் நயமான உரையாடலைக் காட்டிலும் ஓர் அருவிச் சண்டையையே நம்புவார். தமிழ்ப் படத்திலோ நாயகன் சண்டையிடாமலிருப்பது அவர்தம் ரசிகர்க்கு அவமதிப்பாக எண்ணப்படுகிறது. அன்றியும், படக்காட்சி கண்ணுக்குரிய கலை. சிந்திக்கும் முகத்தை எத்தனை நேரம் காட்டுவது என்று படமெடுப்போர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

இதனினும் வலிய மறுப்பொன்று உளது. அமெரிக்க ஆசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-ல் எழுதிய கட்டுரையொன்றில், ஆங்கிலேயரின் துப்பறியும் கதைகள் உயிரற்ற புதிர்விளையாட்டு என்றும், மெய்யான கொலையின் கோரம் அவற்றில் இல்லை என்றும் சாடினார். பிணம் ஒரு சதுரங்கக் காய் ஆகிவிடுமாயின், செத்தவனுக்கு அது அநீதியன்றோ? இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கமாட்டோம். வன்முறையை மறைத்து வைப்பது தனக்குத் தானே ஒழுக்கமாகிவிடாது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் சொந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலை அடிப்படையாகக் கொண்டது. ஆந்திரத்துக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலரை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலீசார் அடிக்கின்றனர். நாம் மேலே குறித்த படங்கள் எல்லாவற்றினும் கொடிய அடிகள் அதில் விழுகின்றன. ஆயினும் அப்படத்தின்மேல் நமக்குக் குறையில்லை. ஏனெனில், அங்கே ஒவ்வோர் அடியும் வாங்குபவனின் உடம்பில் விழுகிறது. அதன் வலி நமக்குத் தெரிகிறது. அடித்தால் வெளிவருவது உண்மையன்று, அடிப்பவன் கேட்க விரும்பிய சொல்லே என்பதை அப்படம் கண்முன் நிறுத்துகிறது. சாண்ட்லர் கேட்ட மெய்ம்மை அதுவே. அடிபட்டவன் அடுத்த காட்சியில் மறக்கப்படும் நாகரிகச் சண்டை அந்த மெய்ம்மையைச் சேர்ந்ததன்று.

இங்ஙனம் நாம் வற்புறுத்துவதற்குத் தோட்டத்திற் கண்ட ஒரு காரணம் உண்டு. 2019 தீபாவளிக்குப் பின், நாம் வேலை பார்த்த தோட்டத்துக் கொட்டகையில் இருக்கவேண்டிய கட்டிப்பால் மூட்டைகளில் 7 மூட்டை குறைந்தது. அன்று மாலையே லயத்தில் ஒரு பெயர் அடிபட்டது. இருபது வயது இளைஞன். முன்பு ஒரு முறை டவுனில் நடந்த சண்டையில் அகப்பட்டு இரண்டு இரவு லாக்கப்பில் இருந்தவன். வேறு சான்று ஒன்றும் இல்லை. லண்டன் குழாய்த் தொழிலாளிக்கு வந்த அதே விதி. ஜாகாக்காரரும் லயத்து இளைஞர் நால்வரும் அவனைச் செம்பனைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றனர். ‘ரெண்டு தட்டுத் தட்டுனா தானா கக்குவான், படத்துல பாக்கலையா?’ என்று அவர்களுள் ஒருவன் சொல்லிச் சென்றதைக் கேட்டவர் உண்டு. அவனும் கக்கினான். மூட்டைகளை இன்ன கடைக்கு விற்றேன் என்றான். மறுநாள் விசாரித்தபோது, அப்படியொரு கடையே அவ்வூரில் இல்லை.

நாம் விடுமுறை கழிந்து அலுவலகம் திரும்பியது அன்றுதான். துரையிடம் அனுமதி பெற்று, கொட்டகைக் கணக்கையும், வாயிற் புத்தகத்தையும், வாங்குவோர் அனுப்பிய நிறுவைச் சீட்டுகளையும் மேசைமேற் பரப்பி ஒப்பிட்டோம். தீபாவளிக்கு முந்தின நாள் ஏற்றிச் சென்ற லாரியின் அனுப்புச் சீட்டிற் கண்ட மூட்டைகளுக்குரிய எடையினும், வாங்குவோரின் நிறுவைச் சீட்டிற் கண்ட எடை கூடியிருந்தது. கூடுதலை மூட்டைக் கணக்காக்கியபோது 7 வந்தது. அவசரத்தில் அந்த 7 மூட்டையையும் லாரியில் ஏற்றிவிட்டுச் சீட்டில் எழுதாமல் விட்டிருந்தனர். அவற்றுக்குரிய பணமும் தோட்டத்துக் கணக்கில் வந்து சேர்ந்திருந்தது. திருடன் இல்லை, திருட்டும் இல்லை. அரைமணி நேரத்து வேலை.

அந்த இளைஞனின் இடக்காதில் அன்று முதல் சரியாக ஒலி கேட்பதில்லை. அடுத்த மாதமே அவன் கூலிம் தொழிற்சாலையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டான். செய்தி தெரிந்தபின், நாற்பது ஆண்டு பால் வெட்டிய அவன் பாட்டியார் அலுவலக வாசலுக்கு வந்து நின்று, ‘காயிதத்துல இருந்த உண்மையப் புள்ள முதுகுல தேடிட்டாங்களே, கிராணி ஐயா’ என்றார். துப்பறியும் கலையைப் பற்றி நாம் படித்த நூல்களில் இதனினும் தெளிவான விமரிசனத்தைக் கண்டதில்லை.

அந்த நால்வரையும் படமே கெடுத்தது என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்வது சான்றில்லாத தீர்ப்பாகும். இக்கட்டுரைக்கே அது முரண். தோட்டம் துண்டாடப்பட்டு வேலையிழந்த குடும்பங்களும், பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளும், நகரத்து ஒதுக்குப்புற வாழ்வும் எவ்வளவோ தீங்குக்குக் காரணமாயின. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, அவற்றின் ஏறத்தாழ 40,000 உறுப்பினருள் பத்தில் எழுவர் இந்தியர் எனக் கணக்குக் காட்டிற்று. அதற்குப் படக்காட்சியை மட்டும் கூண்டிலேற்றுவது பேதைமை. எனினும், ‘அடித்தால் உண்மை வரும்’ என்னும் பழைய மூடநம்பிக்கை நம்மிடையே முன்னரே இருக்க, அதற்கு அழகிய உடையும் இசையும் தந்து நாயகனின் மேடையில் ஏற்றுவது யார்? 2009 சனவரியில், களவுபோன கார்களைப் பற்றிய விசாரணைக்காகப் பிடிக்கப்பட்ட நம்மினத்து இளைஞர் ஒருவர் சுபாங் ஜெயாவிற் போலீஸ் காவலில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க 2013-ல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்செய்தி கேட்டு நாம் கொதித்தோம். அக்கொதிப்பு நியாயமே. ஆனால் திரையில் நாயகன் ஒருவனைக் கட்டிவைத்து அடித்து உண்மையைக் ‘கறக்கும்’போது கைதட்டுகிறவர்களும் நாமேயன்றோ? அடிப்பவன் கை நம்முடையதாயின் நீதி, பிறருடையதாயிற் கொடுமை என்பது அறிவுடையார்க்கு அழகாகுமா?

தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார் எனச் சிலர் கருதலாம். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு இரண்டு சான்று தருகிறோம். இரண்டும் துப்பறியும் படமன்று. எனினும் மலாயாத் தோட்டங்களோடு தொடர்புடையவை. 1911-ல் கோலாலம்பூரில் நிகழ்ந்த கொலை வழக்கொன்றைத் தழுவிச் சாமர்செட் மாம் எழுதிய ‘கடிதம்’ என்னும் கதையை 1940-ல் வில்லியம் வைலர் படமாக்கினார். ரப்பர் மரத்திலிருந்து பால் சொட்டும் நிலவிரவில், துரைமகள் ஒருத்தி தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒருவனைச் சுட்டுக்கொல்வதிற் படம் தொடங்குகிறது. மாமின் கதையில் அவள் சட்டத்தினின்று தப்பித் தன் மனச்சாட்சியோடு வாழ விடப்படுகிறாள். கொலையாளி தண்டனை பெறாமற் படம் முடியலாகாது என்பது அக்கால அமெரிக்கத் தணிக்கை விதி. ஆகவே படத்தின் முடிவில் அவளும் கத்திக்கு இரையாக்கப்பட்டாள். ஒழுக்கத்தின் பெயரால் ஒரு கொலை கூட்டப்பட்டது! 2016-ல் நம் நாட்டில் ‘கபாலி’ வெளியானபோது, நாயகன் போலீசாரிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் இறுதியிற் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்து வெட்டும் குத்தும் துப்பாக்கிச் சூடும் ஒரு வரி எழுத்தாற் கழுவப்பட்டதாகக் கருதப்பட்டன போலும்! முடிவைத் திருத்தும் கத்தரிக்கோலால், நடுவில் மக்கள் எதற்குக் கைதட்டினர் என்பதைத் திருத்த இயலாது. அது பார்ப்பவரின் வேலை.

ஆதலின் தடையோ, வெட்டோ, பகிஷ்காரமோ நாம் வேண்டவில்லை. கைப்பேசியிலேயே உலகத்துப் படமெல்லாம் ஓடும் இந்நாளில் அவை பயனும் தரா. நாம் வேண்டுவது எளியது. தோட்டத்து மண்டபத்திலும், தமிழ்ப் பள்ளியின் மன்றத்திலும், வீட்டுக் கூடத்திலும் துப்பறியும் படமொன்றைப் பிள்ளைகளோடு பார்த்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தில் உண்மை எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்தா, கையிலிருந்தா? கண்ணிலிருந்து வந்ததாயின், அந்தத் தடயத்தை நாமும் கண்டோமா என்று அடுத்துக் கேளுங்கள். கையிலிருந்து வந்ததாயின், அடிபட்டவன் குற்றமற்றவனாய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் இக்கேள்விகள் விளங்கும். வசதியுள்ளோர் மூலக்கதையையும் வாங்கிக் கொடுங்கள். நீல மாணிக்கத்தின் கதை ஒரு மாலைப்பொழுதிற் படித்து முடியும் அளவினதே. ‘அந்த நாள்’ படத்தையும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். சண்டையின்றியும் ஒரு கொலைக்கதை நம்மைக் கட்டிப்போடும் என்பதை அவர்கள் தாமே அறிவர்.

வலியவன் சொன்னதே உண்மை என்றிருந்த உலகில் நம் பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்து இறங்கினர். கங்காணி சொன்ன கணக்கே கணக்கு. துரை நினைத்ததே குற்றம். எழுத்தும் கணக்கும் கற்ற பிள்ளைகளை அவர்கள் பெற விரும்பியது, ஒருநாள் யாரேனும் அக்கணக்கைத் திருப்பிப் பார்த்து, ‘இந்த எண் பொருந்தவில்லையே’ என்று சொல்லவேண்டும் என்பதற்காகவே. துப்பறிவோன் என்னும் கற்பனை மனிதன் அத்தகைய எளியோருக்குக் கிடைத்த தோழன். பணமும் படையும் இல்லாதவனுக்கும் சான்று என்னும் ஆயுதம் உண்டு என்று கற்பித்தவன். அவன் கையிலிருந்து பூதக்கண்ணாடியைப் பறித்துவிட்டு முஷ்டியை மட்டும் விட்டுவைத்தால், அவனுக்கும் அந்தப் பழைய கங்காணிக்கும் யாது வேற்றுமை? அன்பர்கள் சிந்திப்பார்களாக.